மண்ணெண்ணெயில் பழகிய கால்

ரொறன்ரோப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் கார்களை வாங்கிக்கொண்டுபோய் நிறுத்துவதற்குக் கறுப்புச் சட்டை போட்ட பெடியன்கள் நின்றார்கள். எனக்கு முன்னால் வந்த பென்ஸ், லெக்சஸ் எல்லாம் ஒழுங்காகக் கைமாறின. என் முறை வந்ததும் இறங்கித் திறப்பை நீட்டினேன். உள்ளே குனிந்த பெடியன் அப்படியே நிமிர்ந்தான்.

"அங்கிள், இதில மூண்டு பெடல் கிடக்கு."

"ஓம் தம்பி. இடப்பக்கம் கிடக்கிறது கிளச்."

அவன் மற்றவர்களைக் கூப்பிட்டான். நாலு தலைகள் காருக்குள் எட்டிப் பார்த்தன. "யூரியூப்பில பாத்திருக்கிறன்" என்றான் ஒருவன். ஓட்டத் தெரிந்தவன் எவனும் இல்லை. காஞ்சிபுரம் பட்டோடு வாசலில் நின்ற மனைவி என்னைப் பார்த்த பார்வையில் "இதுக்குத்தான் அப்பவே சொன்னனான்" என்பது எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. நானே போய் நிறுத்தினேன். நிலவறைத் தரிப்பிடத்துக்கு இறங்கி, மறுபடி மேலேறும் சரிவில் கார்கள் அடுக்காக நின்றன. ஒரு முழம் ஏறி நிற்பதும், இன்னொரு முழம் ஏறி நிற்பதுமாகப் போனது. திறந்த கூரைக்குள் இலேசாகக் கிளச் சூடேறிய மணம் வந்தது. கருகலும் கசப்பும் கலந்த அந்த மணத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த என்னால் ஏலாது.

எனக்கு அது பெரியப்பாவின் மணம்.

பெரியப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ-40 சொமசெற் இருந்தது. சுன்னாகம் சந்தைப் பக்கம் ஹயருக்கு நிறுத்துகிற கார்களில் அதுவும் ஒன்று. 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்த மொடல், 1,200 சீசீ இன்சின், நாற்பது சொச்சம் குதிரைவலு. யாழ்ப்பாணத்தில் அது ஒரு புதினமே இல்லை. மற்ற ஊர்களில் அந்த வயதுக் கார்களை இரும்புக்கு நிறுத்துப் போட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் ஏ-40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் எல்லாம் கல்யாணத்துக்கும் ஓடின, ஆஸ்பத்திரிக்கும் ஓடின.

1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. பற்றறியும் தடை. மின்சாரம் போய்விட்டது. கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகிக்கொண்டோம். கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் அந்தப் பழைய இன்சின்களின் அமுக்கம் குறைவு என்பதால் அவை மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டன. இந்தக் காலத்து இன்சின் ஒன்று அதைத் தாங்காது.

குளிர்ந்த இன்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே தொடக்கத்துக்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். பெரியப்பா பொனற்றுக்குள் ஒரு சின்னத் தகரத்தைக் கட்டி, ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயால் அதைக் காபரேற்றருக்குத் தொடுத்திருந்தார். குழாயிலிருந்த சில்லை உருட்டினால் பெற்றோல் சொட்டும். ஸ்ராற்றரைச் சுற்றுகிற வலு பற்றறிக்குப் போய்க் கனகாலம், ஆகவே முன்னுக்குப் போய் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றவேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் ஹாண்டிலைப் பிடிக்கவேண்டும். இன்சின் திருப்பி உதைத்தால் பெருவிரல் முறிந்துவிடும் என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். இன்சின் பிடித்துச் சூடேறியதும் சில்லை மூடி, மண்ணெண்ணெய் வழியைத் திறப்பார். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்கப் பரவும். வீட்டில் ஜாம் போத்தல் விளக்குக்கும் அதே எண்ணெய்தான், ஆகவே பெரியம்மாவுக்கும் காருக்கும் ஒவ்வொரு நாளும் பங்குச் சண்டை.

மண்ணெண்ணெயில் ஓடுகிற இன்சினுக்குப் பாரம் பிடிக்காது. கொஞ்சம் ஏற்றமானாலும், கியர் ஒன்று கூடிப்போனாலும் 'டக் டக்' என்று தட்டத் தொடங்கும். தட்ட விட்டால் பிஸ்டன் போய்விடும். அது தட்டுவதற்கு முன்பே கியரை இறக்கவேண்டும். வேகத்தைப் பார்த்து இறக்கலாமென்றால் வேகம் காட்டும் முள் வேலைசெய்தது கிடையாது. "இன்சின் கதைக்கும். நீ வாயை மூடிக்கொண்டு கேள்" என்பார். நான் கேட்டேன். பதின்மூன்று பதினாலு வயதில் ஒருவன் காதால் என்னென்னவோ கேட்பான், நான் ஏ-40இன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொமசெற்றில் கியர் லீவர் ஸ்ரேரிங் தண்டில் இருந்தது. வலப்பக்கம் சாரதி, அவருடைய இடக்கைப் பக்கம் லீவர். அதாவது, பக்கத்துச் சீற்றில் இருக்கிற எனக்கும் அது எட்டும். கோவில் வீதிகளில் ஆள் நடமாட்டம் குறைந்த மத்தியானங்களில் அவர் கிளச்சை மிதித்து "இப்ப" என்பார். நான் வலக்கையால் லீவரைத் தள்ளுவேன். அவருடைய காலும் என்னுடைய கையும் சேர்ந்து ஒரு சாரதி. முதலாம் கியரில் சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள் இறக்குவதென்றால் கிளச்சை ஒருமுறை மிதித்து நியூற்றலுக்கு வந்து, விட்டு, அக்சிலரேற்றரில் ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துப் போடவேண்டும். சரியாக அமைந்தால் சத்தமே வராது. அமையாவிட்டால் சுன்னாகம் முழுக்கக் கேட்கும்.

1995 ஒக்ரோபர் 30. சண்டை நெருங்கி, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த நாள். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அப்பாச்சி, பெரியம்மா, பிள்ளைகள், நடக்க மாட்டாத அயல்வீட்டுக் கிழவர் ஒருவர், அரிசி மூட்டை, தையல் மெசின் எல்லாம் காருக்குள். கூரையில் பாய்களும் சட்டி பானைகளும். நாவற்குழிப் பக்கம் போகும் வீதியில் சனம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நகர்ந்தது. மழை வேறு. கார் போவது முதலாம் கியரில், அதுவும் நாலு எட்டு வைத்து நிற்கிற நடையில். இரவு முழுக்க.

பெரியப்பாவிடம் ஒரு சட்டம் இருந்தது. அரைக் கிளச்சில் காரை நிறுத்தி வைக்கக்கூடாது. முன்னால் கொஞ்சம் வெளி விழும்வரை நியூற்றலில் நிற்கவேண்டும், விழுந்ததும் போட்டு, காலை முழுதாக எடுத்து, ஓடி, மறுபடி நிற்கவேண்டும். கை பிறேக் பிடிப்பதில்லை. நான் மரக்கட்டையோடு பின் சில்லுக்குப் பக்கத்தில் நடந்தேன். கார் நின்றால் கட்டையைப் போடுவது, புறப்பட்டால் எடுப்பது. எவ்வளவுதான் பார்த்துப் பார்த்து ஓட்டினாலும் நடுச்சாமத்தில் கிளச் மணக்கத் தொடங்கியது. மழையின் மணம், சனத்தின் மணம், மண்ணெண்ணெய், அதற்குள் இது. இந்தக் கிளச் போனால் அப்பாச்சியை யார் தூக்குவது என்பது ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத கேள்வி.

நாவற்குழிப் பாலம் தாண்டியபிறகு பெரியப்பாவின் இடக்கால் விறைத்துப் பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்து இறங்கினார். கட்டையை என் கையிலிருந்து வாங்கினார். "நீ பிடி" என்றார். அதற்கு முன் நான் அந்தச் சீற்றில் இருந்து முழுதாக ஓட்டியது கிடையாது. கைதடியில் விடியும்வரை ஓட்டினேன். முதலாம் கியரைத் தவிர வேறு கியரைத் தொடவில்லை.

கனடாவில் எனக்கு வாய்த்த முதல் கார் ஒரு பழைய கொரோலா, ஓட்டோமற்றிக். பிறகு வான், பிறகு இன்னொரு வான். பிள்ளைகள், கார் சீற்றுகள், தமிழ் வகுப்பு, நீச்சல், 401 நெடுஞ்சாலை. இவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, உங்களுக்கும் அதே கதைதான். கொரோலா வாங்கிய புதிதில் பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், இந்தக் காரில் கிளச் இல்லை என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லையோ? நல்லது. கால் தப்பிச்சுது" என்றார்.

கியர் மாற்றுவதில் பேரின்பம் இருப்பதாகப் பேசும் கார்ப் பிரியர்களின் கூட்டத்தில் நானும் ஒருவன்தான். ஆனால் பெரியப்பாவுக்குக் கியர்மேல் காதல் எதுவும் இருந்ததில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகளும் ஒரு காரும் இருந்தன. யாராவது அந்த ஏ-40ஐ வாங்கிக்கொண்டு கிளச் இல்லாத கார் ஒன்றைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே தேங்காய் உடைத்திருப்பார்.

பிள்ளைகள் வளர்ந்து, மூத்தவள் பல்கலைக்கழகம் போனபிறகு, வானைக் கொடுத்துவிட்டு என்ன வாங்குவது என்ற பேச்சு வந்தது. மனைவி மின்சாரக் கார் என்றாள். நியாயமான பேச்சு, அவளுக்கு அதுவே வந்தது. எனக்கு மஸ்டா எம்எக்ஸ்-5, இங்கே எல்லாரும் மியாட்டா என்று சொல்வது. புத்தம் புதியது, ஆறு கியர் மனுவல், கடுஞ்சிவப்பு. விற்பனைக்காரர் இரண்டுமுறை கேட்டார், மனுவல்தானே, நிச்சயம்தானே என்று.

இந்தக் கார் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1979இல் மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோ, பொப் ஹோல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் நாங்கள் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டாராம். பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் போல எளிமையாக, பாரமில்லாமல், கூரை திறக்கிறதாக ஒன்று செய்யுங்கள் என்றார் ஹோல். பத்து வருடம் கழித்து 1989இல் சிகாகோ கண்காட்சியில் அந்தக் கார் மேடையேறியது. 2016இல் பத்து இலட்சமாவது மியாட்டா வெளிவந்தது. ஜப்பான்காரர்கள் மனதில் வைத்திருந்த அந்தப் பிரித்தானியக் கார்களில் எம்ஜிஏ, எம்ஜிபி முக்கியமானவை. அவற்றுக்குள் இருந்தது பி-சீரிஸ் இன்சின். அந்த இன்சினை ஒஸ்ரின்காரர்கள் எதிலிருந்து வளர்த்தெடுத்தார்கள் தெரியுமா? ஏ-40இன் 1,200 சீசீ இன்சினிலிருந்து. இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை. சுன்னாகம் சந்தையில் நின்ற காருக்கும் என் வீட்டு வாசலில் நிற்கிற காருக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மஸ்டா ஹிரோஷிமாக் கொம்பனி. குண்டு விழுந்த அதே 1945ஆம் வருட டிசம்பரில் அங்கே மூன்று சில்லு லொறிகளை மறுபடி செய்யத் தொடங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊர் ஒன்று, பின்னொரு காலத்தில், இரண்டுபேர் வெயில் காய்வதற்கென்றே ஒரு கார் செய்தது. எங்கள் ஊர்க்காரர்கள் இதை யோசிக்கவேண்டும் என்று சொல்லமாட்டேன். நான் யோசிப்பதுண்டு.

2 லீற்றர் இன்சின், 181 குதிரைவலு. கார் மொத்தமாக 1,060 கிலோ அளவுதான், ஆகவே அந்த வலு தாராளம். டேர்போ கிடையாது. ஊசி 7,500 சுற்றுவரை ஏறும், முதல் 1,000 கிலோமீற்றருக்கு அங்கே ஏற்றாமல் பொறுமையாக ஓட்டவேண்டும். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருந்தது. கியர் லீவர் ஒரு சாண்கூட நகராது. மணிக்கட்டை அசைத்தால் போதும், 'ணக்' என்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ரிவேர்ஸுக்கு மட்டும் லீவரைக் கீழே அமத்தி இடப்பக்கம் தள்ளி முன்னே கொண்டுபோகவேண்டும். இங்கே லீவர் வலக்கைப் பக்கம். ஊரில் ஓட்டிப் பழகிய நண்பர்கள் பலருக்கு முதலில் இடக்கை கதவைத் தேடிப் போகுமாம். எனக்கு அந்தத் தொந்தரவு வரவில்லை. பக்கத்துச் சீற்றில் இருந்து பழகிய வலக்கை அல்லவா.

மனுவலில் இறங்கு கியர் போடும்போது தானாகச் சுற்றை ஏற்றிக் கொடுக்கும் வசதி இப்போது பல ஸ்போர்ட்ஸ் கார்களில் வந்துவிட்டது. இதில் இல்லை. நாமே பிறேக்கில் பாதத்தின் முன்பகுதியை வைத்துக்கொண்டு ஓரத்தால் அக்சிலரேற்றரைத் தட்டவேண்டும். சிங்க்ரோமெஷ் எல்லாக் கியருக்கும் இருப்பதால் தட்டாவிட்டாலும் காருக்கு ஒன்றும் ஆகாது. தட்டினால் மட்டும் தோள் அசையாமல் கியர் இறங்கும். கலிடன் பக்கம் ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிற் என்று வளைந்து வளைந்து போகிற ஒரு வீதி இருக்கிறது. ஞாயிறு காலையில், மோட்டார் சைக்கிள்காரர்கள் எழும்புவதற்கு முன், அங்கே இரண்டாம் மூன்றாம் கியர்களுக்குள் ஏறி இறங்கி ஓடுவேன். சட்டம் சொல்லும் வேகத்தைத் தாண்டத் தேவையே இல்லை. பெரிய வலுவுள்ள கார்களை அந்த வேகத்தில் ஓட்டினால் கொட்டாவி வரும் என்பது என் அபிப்பிராயம்.

சொந்தக்காரர்களின் தீர்ப்பு வேறு. "இரண்டு பேர்தான் இருக்கலாமோ?" என்பது எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. டிக்கியில் 130 லீற்றர் இடம், ஒரு அரிசி மூட்டையும் கொஞ்சம் மரக்கறியும் வைத்தால் முடிந்தது. காப்புறுதிக் கட்டணத்தைக் கேட்ட மச்சான் என்னிடம் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அம்மாவை ஒருநாள் ஏற்றினேன். ஏற்றுவது என்ன, இறக்குவது என்றுதான் சொல்லவேண்டும், சீற் அவ்வளவு பதிவு. சேலையை ஒதுக்கி, ஒரு கையை என் தோளிலும் மற்றக் கையைக் கதவிலும் பிடித்து அமர்ந்தார். கூரையைக் கையால் பின்னுக்குத் தள்ளினேன், அதற்கு மோட்டார் கிடையாது. ஸ்காபரோவிலிருந்து ஏரிக்கரைப் பக்கம் போனோம். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நான் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியபோது, "உன்ர பெரியப்பாவும் உப்பிடித்தான், முன்கூட்டியே இறக்கிப்போடுவார்" என்றார். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார், "இனி என்னை ஏத்தாதை."

401இல் மாலை நேரம் நின்று நின்று ஊரும்போது முழங்கால் இழுக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அங்கேயும் பெரியப்பாவின் சட்டம்தான். நியூற்றல், வெளி விழும்வரை காத்திருத்தல், கால் முழுதாக எடுத்தல். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும். இப்போதைய ஓட்டோமற்றிக் பெட்டிகள் மனிதனைவிட விரைவாகக் கியர் மாற்றுகின்றன, எரிபொருளையும் மிச்சம் பிடிக்கின்றன. மின்சாரக் காருக்குக் கியர் தேவையே இல்லை. ஆகவே இந்தத் தொழில்நுட்பத்துக்கு வாதாட என்னிடம் எதுவும் இல்லை. தேவைக்கு ஓட்டுகிறவன் மனுவல் வாங்கக்கூடாது. பெரியப்பா தேவைக்கு ஓட்டினார். நான் ஆசைக்கு ஓட்டுகிறேன், அந்த ஆசைக்குப் பணம் கட்டுகிறேன். இதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

மூத்தவள் போன கோடையில் தானாகவே வந்து கேட்டாள். கடைகள் பூட்டிய ஒரு பிளாஸாவின் வெற்றுத் தரிப்பிடத்துக்குப் போனோம். அக்சிலரேற்றரைத் தொடவே விடவில்லை. கிளச்சை மட்டும் மெல்ல மெல்ல எடுத்து, எந்த இடத்தில் கார் மூச்சு மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். இப்படித்தான் தொடங்கவேண்டும், காசு வாங்கிப் பழக்குகிற பலர் இதைச் செய்வதில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள், கார் நின்றது, மறுபடி கேட்டாள். கைகால் ஒத்துவர அதிக நேரம் எடுக்கவில்லை. பக்கத்துச் சீற்றில் இருந்த என் இடக்கை, கியர் மாற்றவேண்டிய நேரம் வரும்போதெல்லாம் தானாக லீவரை நோக்கிப் போனது. "அப்பா, கையை எடுங்கோ" என்றாள்.

இன்றைக்கு அவள் நண்பர்கள் வட்டத்தில் கிளச் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் கல்யாண மண்டபப் பெடியன்களில் ஒருவன் என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டுபோய், அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டான். இப்போது அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் வருகிறார்கள். மூன்றுபேரும் வெவ்வேறு வகையில் கிளச்சை வதைக்கிறார்கள். புதுக் காரை இப்படி விடுவதா என்று மனைவி கேட்கிறாள். கிளச் தட்டு தேய்கிற சாமான், தேய்ந்தால் மாற்றலாம்.

இன்னொரு விஷயம். இந்தக் காரில் இருப்பது கோடை ரயர். ஏழு பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் அதன் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும். வீதியில் உப்பு போடத் தொடங்கினால் அடித்தளம் துருப்பிடிக்கும். ஆகவே நவம்பரில் கழுவி, தாங்கியை நிரப்பி, பற்றறிக்கு மின்தொடுப்புக் கொடுத்து, போர்வை போட்டு மூடிவிடுவேன். ஏப்ரல் மழை உப்பைக் கழுவும்வரை திறக்கமாட்டேன். ரொறன்ரோப் பக்கம் இருக்கிறவர்களில் யாருக்காவது பழக விருப்பமென்றால் நவம்பருக்கு முன் வாருங்கள். மெல்லிய அடியுள்ள சப்பாத்துப் போட்டு வாருங்கள், தடித்த சப்பாத்தில் கிளச் பிடிக்கிற இடம் தெரியாது. காசு வேண்டாம். வரும்போது ஒருவராக வாருங்கள், இரண்டாவது ஆளுக்கு இடமில்லை.